மசாஜ் கன் பரவிய விதமும் தசை தேறும் விதமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஓட்டப் பயிற்சியை முடித்துவிட்டு உட்கார்ந்த ஒருவர், தசையை விரைவாகத் தட்டும் மின் கைக்கருவியான மசாஜ் கன்னைத் தம் கெண்டைக்காலின்மேல் வைத்து, நிமிடத்துக்கு 3,200 தட்டு என்ற வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டுகிறார் என்று கொள்வோம். அந்த ஒரு கால் 16,000 முறை தட்டப்பட்டிருக்கிறது. கருவியை எடுத்ததும் கால் இலேசாகிறது. கணுக்கால் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாக மடங்குகிறது. காலையிலிருந்து இருந்த இறுக்கம் விட்டதுபோல் தெரிகிறது. இந்த உணர்வு பொய்யன்று, கற்பனையும் அன்று. ஆனால் வலி குறைவதும் தசை தேறுவதும் ஒன்றல்ல. இக்கருவி சில ஆண்டுகளுக்குள் விளையாட்டு வீரர்களின் ஓய்வறையிலிருந்து சாதாரண ஜிம் பை வரை வந்து சேர்ந்ததற்கு, இவ்விரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் நம் வழக்கம் பெரிய காரணம் என்று இயன்முறை மருத்துவம் சார்ந்த ஒருவனாக நான் கருதுகிறேன். அக்கருத்து எதன்மேல் நிற்கிறது என்பதைக் கருவியின் வரலாறு, அதன் பொறியமைப்பு, அதைச் சோதித்த ஆய்வுகள், அதனால் நேர்ந்ததாகப் பதிவான ஒரு பாதிப்பு ஆகியவற்றைக் கொண்டு இங்கே பார்க்கிறேன்.

பட்டறையிலிருந்து பயிற்சிக்கூடத்துக்கு

தசையைத் தட்டிச் சரிசெய்வது பழைய முறை. நீவுதல், பிசைதல், தட்டுதல் என்று கையாலேயே செய்யப்பட்டுவந்த இச்செயல்களைத் தனித்தனி உத்திகளாகப் பிரித்து ஐரோப்பிய மருத்துவத்துக்குள் நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த மருத்துவர் யோஹான் கியோர்க் மெட்ஸ்கர். கையின் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கும் முயற்சியும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. சுவீடனில் குஸ்டாவ் சாண்டர் 1865-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய நிலையத்தில் உடலை அசைக்கவும் தட்டவும் அதிர்விக்கவும் தனித்தனி இயந்திரங்கள் இருந்தன. லண்டனில் மருத்துவர் ஜோசப் மார்டிமர் கிரான்வில் 1880-களில் மின்கலத்தால் இயங்கும் தட்டுக் கருவி ஒன்றை அமைத்து, நரம்பு வலிக்கும் தசைக் கோளாறுக்கும் அதைப் பயன்படுத்தினார். ஆகவே இன்று விற்கப்படும் கருவியின் அடிப்படை எண்ணம் நூற்று நாற்பது ஆண்டுகளாவது பழையது.

அத்தனை காலம் அது வீட்டுப் பொருளாகாமல் இருந்ததற்குக் காரணம் மருத்துவம் அன்று, மோட்டாரும் பேட்டரியும்தான். உடலில் அழுத்திப் பிடித்தாலும் வேகம் குறையாமல் சுழலக்கூடிய, கையில் தூக்கிப் பிடிக்கும் அளவுக்கு இலேசான, கம்பி இல்லாத கருவி வேண்டுமென்றால் இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று, 1991-இல் வணிகத்துக்கு வந்து, 2000-களின் நடுவில் துளைக்கருவி, மரம் அறுக்கும் கருவி போன்ற பட்டறைச் சாமான்களுக்குள் நுழைந்த லித்தியம் அயான் பேட்டரி. மற்றொன்று, உராயும் கரித்துண்டு இல்லாத மோட்டார். இவை இரண்டும் விலை குறைந்து பரவலாகக் கிடைத்த பிறகே மசாஜ் கன் பிறக்க முடிந்தது.

பிறந்த இடமும் பட்டறைதான். ஜேசன் வெர்ஸ்லேண்ட் என்ற அமெரிக்கக் கைரோபிராக்டர் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் சிகிச்சையாளர்) 2007-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு, அதற்குப் பின் விடாத வலியோடு இருந்தபோது, மரம் அறுக்கும் மின்கருவியின் முன்னும் பின்னும் செல்லும் அசைவைத் தம் உடல்மேல் பயன்படுத்திப் பார்த்தார். அறுக்கும் அலகு இருந்த இடத்தில் மென்மையான தலையொன்றைப் பொருத்திய அந்த முதல் அமைப்பு, பல மாற்றங்களுக்குப் பின் தெராகன் என்ற பெயரில் 2016-இல் விற்பனைக்கு வந்தது. 2018-இல் ஹைப்பரைஸ் நிறுவனம் ஹைப்பர்வோல்ட் என்ற, சத்தம் குறைந்த கருவியைக் கொண்டுவந்தது. சத்தம் குறைந்தது சின்ன மாற்றமாகத் தோன்றலாம். எனக்கு அதுவே திருப்பமாகப் படுகிறது. பட்டறைச் சத்தத்தோடு இயங்கும் பொருளைத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே தொடையில் வைத்துக்கொள்ள யாரும் விரும்பமாட்டார்கள்.

கைரி இர்விங் போன்ற கூடைப்பந்து வீரர்கள் ஆட்டத்தின் இடையிலேயே இக்கருவியைக் காலில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்வையாளர்கள் கண்டார்கள். அந்தக் காட்சி எந்த விளம்பரத்தைவிடவும் ஆழமாகப் பதிந்தது. பிறகு 2020 வந்தது. பெருந்தொற்றால் ஜிம்களும் மசாஜ் நிலையங்களும் இயன்முறை மருத்துவ மையங்களும் மூடிக் கிடக்க, வீட்டுத் தரையில் பாய் விரித்துப் பயிற்சி செய்தவர்களுக்குத் தங்கள் தசையைப் பிடித்துவிட ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தைக் கருவி நிரப்பியது. தெராகனை விற்ற நிறுவனம் தன் பெயரை தெராபாடி என்று மாற்றிக்கொண்டதும் அதே ஆண்டில்தான். ஒரு கருவியை விற்ற நிறுவனம் உடல்நலம் முழுவதையும் தன் துறையாகக் கொண்டதை அந்தப் பெயரே காட்டுகிறது.

கருவிக்குள் நடப்பது

உள்ளே இருக்கும் அமைப்பு எளிமையானது. மோட்டாரின் சுழற்சி, மையம் விலகிய ஒரு சக்கரத்தின் வழியாகவும் ஒரு தண்டின் வழியாகவும் முன்பின் அசைவாக மாறுகிறது. இக்கருவியை மதிப்பிட மூன்று அளவுகளைப் பார்த்தால் போதும். தலை எவ்வளவு தூரம் முன்னேறிப் பின்வாங்குகிறது என்பது வீச்சு. நிமிடத்துக்கு எத்தனை முறை தட்டுகிறது என்பது வேகம். எவ்வளவு அழுத்தினால் மோட்டார் திணறி நின்றுபோகிறது என்பது தாங்கும் விசை. தெராகனின் பெரிய வகைகளில் வீச்சு 16 மில்லிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 2,400 வரை, அதாவது நொடிக்கு 40 தட்டு. தேர்ந்த கை எவ்வளவு விரைவாகத் தட்டினாலும் இதை எட்டாது.

இம்மூன்றில் விற்பனையாளர்கள் உரக்கச் சொல்வது வேகத்தை. வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியதோ வீச்சையும் தாங்கும் விசையையும்தான். வீச்சு ஆறேழு மில்லிமீட்டராக இருக்கும் கருவி தசையை ஆழமாகத் தட்டுவதில்லை, பெரும்பாலும் தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் அதிர்விக்கிறது. அதிர்வும் இதமாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு செயல். இதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கருவியை ஓடவிட்டுத் தொடையின் சதைப்பற்றுள்ள இடத்தில் வைத்து மெல்ல மெல்ல அழுத்தம் கூட்ட வேண்டும். நல்ல மோட்டாரின் ஓசை சற்றுக் கனத்து, அதே தாளத்தில் தொடரும். வலுவில்லாத மோட்டாரின் ஓசை இறங்கி, தட்டு தட்டாக எண்ணக்கூடிய அளவுக்குத் தளர்ந்து, பிறகு நின்றே போகும். கையில் அது ஒரு விம்மலைப் போலத் தெரியும். அப்படி நிற்கும் கருவியை வைத்திருப்பவர், அழுத்தத்தைக் குறைத்துவிட்டுப் பல நிமிடம் ஒரே இடத்தில் வைத்திருப்பார். தோல் சிவந்து எரிச்சல் வருவது பெரும்பாலும் அப்போதுதான்.

வலி ஏன் குறைகிறது என்பதற்கு வலுவான விளக்கம் நரம்பு மண்டலத்தில் இருக்கிறது. முழங்கை இடித்துக்கொண்டால் உடனே அந்த இடத்தைத் தேய்த்துக்கொள்கிறோம். தொடுதலையும் அழுத்தத்தையும் ஏந்திவரும் தடித்த நரம்பிழைகள், வலியை ஏந்திவரும் மெல்லிய இழைகளின் செய்தியைத் தண்டுவடத்தின் வாயிலிலேயே மட்டுப்படுத்துகின்றன என்று ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965-இல் முன்வைத்த வாயில் கோட்பாடு இதைத்தான் சொல்கிறது. நொடிக்கு 40 தட்டு என்பது அந்தத் தடித்த இழைகளுக்கு ஓயாத வேலை. ஆகவே வலி பின்னுக்குப் போகிறது, தசை நீள்வதை உடல் முன்பைவிடப் பொறுத்துக்கொள்கிறது, மூட்டு கூடுதலாக மடங்குகிறது. இவை எல்லாம் சில நிமிடங்களில் நடக்கின்றன. அதே காரணத்தால் சிறிது நேரத்தில் தேய்ந்தும் போகின்றன.

"தசையைத் தளர்த்துகிறது" என்ற சொல்லை மட்டும் நான் தயக்கத்தோடு பயன்படுத்துகிறேன். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின்மேல் தொடர்ந்து அதிர்வு கொடுத்தால் அந்தத் தசை தானாகவே சுருங்கத் தொடங்கும் என்பது 1960-களிலேயே நரம்பியலில் பதிவான எதிர்வினை. அதிர்வு எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அது தசையை அமைதிப்படுத்தவும் செய்யும், தூண்டவும் செய்யும். பயிற்சிக்கு முன் சிறிது நேரமும், உறங்கும் முன் மெதுவான வேகத்திலும் என்று அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் பிரித்துச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

லாக்டிக் அமிலம் என்ற பழங்கதை

இக்கருவியை விற்பவர்கள் பலர் அது தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுவதாகச் சொல்கிறார்கள். இது தவறு. தவறென்று தெரிந்த பின்னும் இத்தனை ஆண்டுகள் உயிரோடு இருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கடும் பயிற்சியில் இரத்தத்தில் ஏறும் லாக்டேட் (இந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ இயல்பு நிலைக்கு வந்துவிடும். இதயமும் ஈரலும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடையைப் பிடித்து இழுக்கும் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அந்த வலியை உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902-இலேயே தனியாக அடையாளம் கண்டு, தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிவுகளோடு இணைத்துப் பேசினார். பளுவை மெல்லக் கீழிறக்குவது, சரிவில் இறங்கி ஓடுவது போல, தசை நீண்டுகொண்டே விசை கொடுக்கும் அசைவுகளுக்குப் பிறகே இவ்வலி அதிகம் வருகிறது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகத் தணிகிறது. இதனோடு தசையின் வலுவும் சில நாள் குறைந்திருக்கும். முக்கியமானது இதுதான்: வலி குறையும் வேகமும் வலு திரும்பும் வேகமும் ஒன்றல்ல. கருவியால் வலி தணிந்ததும் "சரியாகிவிட்டது" என்று அதே தசைக்கு மறுநாளே முழுப் பளுவைக் கொடுப்பவர், இன்னும் பாதியில் நிற்கும் பழுதுபார்ப்பின்மேல் சுமை ஏற்றுகிறார்.

ஆய்வுகள் சொல்வது

முன்பு சொன்ன கெண்டைக்கால் உதாரணம் உண்மையான ஓர் ஆய்வை ஒட்டியது. ஆண்ட்ரியாஸ் கோன்ராடும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 16 ஆண்களுக்கு ஹைப்பர்வோல்ட் கொண்டு கெண்டைக்காலில் ஐந்து நிமிடம் தட்டல் கொடுக்கப்பட்டது. கணுக்கால் மடங்கும் அளவு 5.4 பாகை கூடியது. தசையின் உச்ச வலு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாவது முடிவைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். நீண்ட நேரம் அசையாமல் இழுத்துப் பிடிக்கும் நீட்சிப் பயிற்சி, அதை அடுத்து வரும் வலுவைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்பதால், வலுவைக் குறைக்காமல் மூட்டை இளக்கும் வழி என்பது விளையாட்டுக்கு முந்தைய ஆயத்தத்தில் பயனுள்ளதே. கருவியின் மிக நேர்மையான பயன் இதுவென்று நான் கருதுகிறேன்.

பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டு 2023-இல் வெளிவந்த முறையான திறனாய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. மூட்டின் அசைவு எல்லை, நெகிழ்வு, வலி உணர்வு ஆகியவற்றில் குறுகிய காலப் பயன் தெரிகிறது. வலு, சமநிலை, வேகம் கூட்டுதல், திடீர்த் திருப்பம், வெடிப்பான பாய்ச்சல் ஆகியவற்றுக்கு இதைப் பரிந்துரைக்க ஆதாரம் இல்லை. மனிதக் கையால் செய்யும் மசாஜின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறன்று. 29 ஆய்வுகளையும் 1,012 பேரையும் உள்ளடக்கி 2020-இல் வெளிவந்த ஒரு திறனாய்வு, விளையாட்டு மசாஜ் நெகிழ்வையும் பயிற்சிக்குப் பிந்தைய வலியையும் சிறிதளவு மேம்படுத்துகிறது, ஓட்டத்தையோ தாவலையோ வலுவையோ மேம்படுத்துவதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. கருவியின்மேல் மட்டும் குறை சொல்வது நியாயமாகாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இந்த ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. மாத்திரையைச் சோதிக்கும்போது மருந்தில்லாத போலி மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம். நொடிக்கு ஐம்பது முறை தன் காலைத் தட்டும் கருவி ஓடுகிறதா இல்லையா என்பதை எவரிடமும் மறைக்க முடியாது. நன்மை வரும் என்று எதிர்பார்ப்பவரிடம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், அந்த எதிர்பார்ப்பும் சேர்ந்தே பதில் சொல்லும். கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் நலமுள்ள இளைஞர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐம்பதைக் கடந்து பயிற்சியைத் தொடங்கியவருக்கு அதே முடிவு பொருந்தும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

இத்தனை மெல்லிய ஆதாரத்தோடு இக்கருவி எப்படித் தடையின்றி விற்கப்படுகிறது என்று கேட்கலாம். அமெரிக்காவில் மின்சார மசாஜ் கருவிகள் மருத்துவக் கருவிகளின் மிகக் குறைந்த இடர்ப்பிரிவான முதல் வகுப்பில் வைக்கப்பட்டுள்ளன. விற்பனைக்கு முன் பலனை நிறுவிக் காட்டவேண்டிய கட்டாயம் அவ்வகுப்பில் இல்லை. ஆகவே பெட்டியின்மேல் அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் பெயரைப் பார்த்து, அது பலனுக்கு அளித்த சான்று என்று எண்ணுவது பிழை.

பதிவான ஒரு பாதிப்பு

சீனாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணின் நிகழ்வு 2021-இல் இயன்முறை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. சிகிச்சை எடுக்காத இலேசான இரும்புச்சத்துக் குறைபாட்டு இரத்தசோகை அவருக்கு இருந்தது. சைக்கிள் பயிற்சிக்குப் பின் தொடையில் களைப்பும் வலியும் ஏற்பட, அவருடைய பயிற்சியாளர் மசாஜ் கன்னால் தட்டிவிட்டார். அதன்பின் அவர் மருத்துவமனைக்கு வந்தபோது சிறுநீர் தேநீர் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. தொடைகளில் இரத்தக்கட்டுகள் இருந்தன. ராப்டோமயோலிசிஸ் என்று கண்டறியப்பட்டது.

தசை இழைகள் பெருமளவில் உடைந்து, அவற்றுக்குள் இருக்கவேண்டிய பொருள்கள் இரத்தத்தில் கொட்டும் நிலை அது. தசையில் உயிர்வளியைத் தேக்கி வைக்கும் மயோகுளோபின் இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும்போது சிறுநீர் அந்த நிறம் கொள்கிறது; அளவு மிகுந்தால் சிறுநீரகம் செயலிழக்கும். தசைக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வருவதால் இதயத் துடிப்பும் தடுமாறலாம். சிரை வழியாகத் தாராளமாக நீர்மம் ஏற்றுவது சிகிச்சையின் அடிப்படை.

இந்நிகழ்வை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பழக்கமில்லாத ஒருவர் அளவுமீறிச் சைக்கிள் மிதித்தாலே, கருவி எதுவும் இல்லாமலேயே ராப்டோமயோலிசிஸ் வரக்கூடும். ஒரே ஒருவரின் நிகழ்வை வைத்து எவ்வளவு பங்கு பயிற்சிக்கு, எவ்வளவு பங்கு கருவிக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நிகழ்வின் வரிசையைப் பாருங்கள். தொடையில் வலி என்பது அங்கே ஓர் அறிகுறியாக வந்தது. அதைக் களைப்பின் வலி என்று கொண்டு, ஏற்கெனவே சிதையத் தொடங்கியிருக்கக்கூடிய தசையின்மேல் நொடிக்குப் பல பத்துத் தட்டுகள் இறங்கின. கையால் பிடித்துவிட்டிருந்தால், தொட்டவுடன் அவர் துடிப்பதோ, தசை வழக்கத்துக்கு மாறாகக் கல்லாக வீங்கியிருப்பதோ விரல்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு.

கழுத்தில் கருவியை வைத்தபின் மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. கழுத்தின் முன்புறமும் பக்கமும் இக்கருவிக்கு உரிய இடம் அல்ல என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், நீரிழிவால் காலில் உணர்ச்சி குன்றியவர்கள் ஆகியோர் தாமாக இதைத் தொடங்கக்கூடாது. கடைசிக் குழுவினருக்கு "வலித்தால் நிறுத்துங்கள்" என்ற அறிவுரையே பயன்படாது. விளையாட்டில் தொடையில் பலமாக இடிபட்டு உள்ளே இரத்தம் கட்டியிருந்தால் முதல் சில நாள் அந்த இடத்தைப் பிசைவதும் தட்டுவதும் கூடாது. தசைக்குள்ளேயே எலும்பு போன்ற திசு உருவாகும் அபாயத்தை அது கூட்டுகிறது.

மற்றவர்களுக்குச் சொல்லவேண்டியது குறைவு. ஒரு தசைக்கு ஓரிரு நிமிடம், சதைப்பற்றுள்ள இடத்தில் மட்டும், எலும்பு முனையையும் மூட்டையும் விட்டு விலகி, கருவியின் எடை தவிரச் சற்றே அழுத்தம் கொடுத்து, நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். முழங்காலுக்குப் பின்புறக் குழியில் இரத்தக் குழாயும் நரம்பும் ஆழமின்றி ஓடுவதால் அங்கே வைக்கக்கூடாது.

கை கேட்கும் கேள்வி

புதிய கருவிகளில் அழுத்தத்தை அளந்து காட்டும் உணரிகள் வந்துவிட்டன. சூடு கொடுக்கும் தலைகள் வந்துவிட்டன. எந்தத் தசைக்கு எத்தனை நொடி என்று கைபேசிச் செயலி வழிகாட்டுகிறது. ஆயினும் கெண்டைக்கால் வலிக்கிறது என்று ஒருவர் வரும்போது இயன்முறை மருத்துவர் முதலில் செய்வது எதையும் எந்தக் கருவியும் இதுவரை செய்வதில்லை. அவர் இரண்டு கால்களையும் அருகருகே நீட்டச் சொல்கிறார். நாடாவால் இரண்டின் சுற்றளவையும் அளந்து பார்க்கிறார். புறங்கையை ஒரு காலிலும் பிறகு மறு காலிலும் வைத்து, எது சூடாக இருக்கிறது என்று பார்க்கிறார். அண்மையில் நீண்ட பயணம் போனீர்களா, படுக்கையில் இருந்தீர்களா, அறுவை சிகிச்சை நடந்ததா என்று கேட்கிறார். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, சிவந்திருந்தால் அது ஓடிய களைப்பாக இல்லாமல், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். உறைந்த அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அந்தக் காலும் தொட்டால் இறுக்கமாகத்தான் இருக்கும். பிடித்துவிட்டால் தேவலை என்றுதான் தோன்றும். அப்படிப்பட்ட காலைப் பார்த்தவுடன் இயன்முறை மருத்துவர் கையை எடுத்துவிட்டு, அன்றைக்கே அவரை மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கிறார்.